மேல் போல்ட்டு கழலாத வாரம்

எங்கள் செம்மணல்விளையில் ஒரு கல்யாணம் குறித்தார்கள் என்றால், முந்தின வாரம் எண்ணெய் காண்பது மணப்பெண்ணின் தலை இல்லை, எங்கள் வீட்டுப் பிளஷரின் வயிறு. பிளஷர் என்பது அப்பாவின் அப்பா ஏதோ ஒரு துரையிடம் வாங்கிய கறுப்புக் கார். அதற்கும் ஒரு கம்பெனிப் பெயர் இருந்ததுதான், முன்னால் பித்தளை எழுத்தில் மின்னியதை ஒரு கல்யாண வீட்டுப் பயல் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து ஊருக்கு அது வெறும் பிளஷர். ஊரில் பிறந்த பிள்ளை ஞானஸ்நானத்துக்கு அதில்தான் போகும், வளர்ந்து மாலை போட்டுக்கொண்டு கோயிலுக்கு அதில்தான் போகும், நடுவில் வரும் பல்வலிக்கும் பிரசவ வலிக்கும் பரீட்சைக்கும் அதில்தான் போகும். அப்படி ஏறியவர்கள் எல்லாரும் அதற்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே போனார்கள், பேசிக்கொண்டே வந்தார்கள், பேசுவதற்குக் காசு கேட்காத இடம் அது ஒன்றுதான் என்பது போல.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பா அதைத் தேரிக்காடு வரைக்கும் ஓட்டி, உள்ளே இருக்கிற எண்ணெயைச் சூடேற்றிக்கொண்டு வந்து, மேடு பள்ளம் இல்லாத தரையில் நிறுத்தி, அடியில் போய் மல்லாந்து படுப்பார். முதலில் கியர்பாக்ஸின் கீழ் போல்ட்டு. பிறகு பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு தொங்கும் டிபரன்ஷியலின் கீழ் போல்ட்டு. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் ஓடினால்தான் வண்டி தரையைப் பிறாண்டாமல் திரும்பும், அந்தப் பஞ்சாயத்தைப் பண்ணுகிற பற்சக்கரங்கள் இருக்கிற இடம் அது. இரண்டிலிருந்தும் கறுப்பாக, தேன் மாதிரி கனத்து இறங்கும் பழைய எண்ணெயை வீட்டுக்கு வீடு பகிர்ந்து கொடுப்பது எங்கள் ஊர் முறை: கதவுக் கீலுக்கு, கிணற்று உருளைக்கு, கரையான் ஏறுகிற நிலைக்காலுக்கு. ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்காத மாதிரி.

அந்த வண்டியில் ஒருநாளும் ஏறாத ஒரே ஆள் நான், வண்டிக்காரர் ஆசீர்வாதத்தின் இளைய மகள் எமி. நான் பிறந்தது அம்மா ஊரில், ஞானஸ்நானமும் அங்கேயே. நினைவு தெரிந்த பிறகு முதல் தடவை ஏறுவதற்காக வாசலில் காத்து நின்றபோது, அப்பா வண்டியை எடுத்து வந்து கியர் மாற்றுகிற நேரமாகப் பார்த்து, பற்சக்கரம் நொறுங்குகிற சத்தத்தை நான் வாயாலேயே போட்டேன். அப்பா வண்டியை அங்கேயே நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து மாட்டி, நிமிர்ந்தபோது நான் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டேன். அன்றோடு தடை. யார் குரலையும் நான் போடுவேன், அப்பா குரலில் அம்மாவையே சந்தைக்கு அனுப்பியிருக்கிறேன். ஊர் என்னைத் திட்டவும் செய்யும், பிறகு தன்னைத் தவிர மற்றவர்களைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுச் சிரிக்கவும் செய்யும்.

இந்தத் தடவை கல்யாணம் எங்கள் வீட்டிலேயே, பியூலா அக்காவுக்கு. அக்கா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள், கார் ஓட்டவும் அங்கே கற்றுக்கொண்டாள், பிளஷரை மட்டும் அப்பா அவள் கையில் கொடுத்ததில்லை. மாப்பிள்ளை செல்வின், மதுரைப் பக்கம். சொந்த வீட்டுக் கல்யாணம் என்பதால் தெருவே கிண்ணமும் கையுமாக வந்து வண்டியைச் சுற்றி நின்றது. இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு: எண்ணெய் ஊற்றுகிற மேல் போல்ட்டு கழலுகிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கிற கீழ் போல்ட்டில் கை வைக்க வேண்டும், மேலே திறக்கவில்லை என்றால் காலியான வயிற்றை எந்த வாய் வழியாக நிரப்புவது? அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் கிண்ணங்களோடு ஜனம் காத்து நிற்கும்போது மேலே தட்டிக்கொண்டிருப்பது பந்தியில் இலை போட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போவது மாதிரி இருந்திருக்கும். நேராகக் கீழே திறந்துவிட்டார். எண்ணெய் இறங்கியது, பகிர்ந்தார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போய் ஆசையாகக் கீல்களில் தடவிக்கொண்டார்கள். கியர்பாக்ஸின் மேல் போல்ட்டு சொன்ன பேச்சுக் கேட்டுக் கழன்றது, புது எண்ணெயும் குடித்தது. டிபரன்ஷியலின் மேல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். போல்ட்டு அசையவில்லை, அதன் தலையின் மூலைகள் மட்டும் மழுங்கி உருண்டையாகிப் போயின. அப்பா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அந்தப் போல்ட்டின் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அம்மா என்ன என்று கேட்டாள். அம்மாவின் உதடுதான் கேட்டது.

அந்த மத்தியானம் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்றால், ஆடு கத்தியது, காக்கை கத்தியது, பனை ஓலை உரசியது, மனுஷ சத்தம் மட்டும் துடைத்து எடுத்த மாதிரி இல்லை. பிளஷரில் ஒரு தடவையாவது ஏறிய யாருக்கும் குரல் இல்லை. பெரியவர்களுக்கு இல்லை, போன மாதம் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைக்கும் இல்லை, அது வாயை அகலத் திறந்து முகம் சிவக்க அழுததைப் பார்த்து அதன் அம்மா பயந்து தானும் வாயைத் திறந்தாள், இரண்டு பேருமாக ஒரு ஊமைக் கிணறு மாதிரி நின்றார்கள். நான் தெருவில் நின்றுகொண்டு, யாராவது பேசுங்களேன் என்றேன். ஊரில் கேட்ட ஒரே குரல் அதுதான்.

சாயங்காலம் கதவுகள் பேச ஆரம்பித்தன. எண்ணெய் தடவிய கதவை யாராவது திறந்தால், கிறீச் என்பதற்குப் பதிலாக, என்றைக்கோ அந்த வண்டிக்குள் யாரோ பேசிய பேச்சு வந்தது. கோயில் செக்ரட்டரி வீட்டுக் கதவு, வாந்தி வருது வண்டிய நிறுத்துங்க என்று ஒரு பெண் குரலில் கெஞ்சியது. எங்கள் கிணற்று உருளை, வாளி இறங்க இறங்க, பிரசவத்துக்குப் போன யாரோ ஒருத்தியாக முனகியது. பொன்மணி சித்தி வீட்டு நடைக்கதவு, தவறிப் போன அவள் புருஷன் குரலில், கண்ணாடிய ஏத்து, தூசி வருது என்றது. சித்தி அந்தக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், சாத்தினாள், திறந்தாள். அதன் பிறகு அவளை அந்தக் கதவைவிட்டு யாரும் நகர்த்த முடியவில்லை.

பயத்தில் ஒரு ஊர் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? உட்கார்ந்தாக வேண்டும், சோறு பொங்கியாக வேண்டும். வெளியூரில் கேட்டால் தொண்டைக்கட்டு என்று சொல்வதென்று முடிவானது. சுகாதார நர்ஸ் வந்து வரிசையாக எல்லார் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி மாத்திரை கொடுத்துப் போனாள். படித்தவர்கள் போனில் எழுதிக் காட்டினார்கள், சண்டை போடுகிறவர்கள் தட்டைத் தூக்கிப் போட்டுப் பேசினார்கள், ஐயர், எங்கள் ஊரில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், பிரசங்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதன் பிறகு எல்லாரும் வந்தார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடினேன். மீன்காரரிடம் பேரம் பேச ஒருத்தியின் குரல், துபாய்க்காரப் புருஷனிடம் போனில் கொஞ்ச இன்னொருத்தியின் குரல், ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஐயரின் குரல், ஐயருக்கே உரிய அந்த இருமலோடு. செக்ரட்டரி வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இரண்டு பக்கச் சண்டையையும் நானே போட்டு, நானே சமாதானம் பண்ணி, இரண்டு டம்ளர் காப்பியையும் நானே குடித்துவிட்டு வந்தேன். இதைவிட ஒரு பொற்காலம் எனக்கு வராது என்று நினைத்தேன்.

பொன்னுதுரை மாமாவிடம்தான் அது உடைந்தது. மாமா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் போகிற போக்கில், சும்மா, அவர் வீட்டு அத்தை குரலில், எந்திச்சு பஸ் ஸ்டாப்புக்குப் போவும், நான் கூப்பிடுத வரைக்கும் வராதேயும் என்றேன். சொன்னது நான்தான் என்று அவர் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்தார். வெற்றிலைப் பெட்டி உருண்டது, அவர் கால்கள் அவரை நடத்திக்கொண்டு போயின, அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே போனார். வெயிலில் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே ஓடி, வாங்க மாமா என்று கத்தினேன். அசையவில்லை. அத்தை குரலில் கூப்பிட்ட பிறகுதான் அவரால் எழுந்திருக்க முடிந்தது. அவர் என்னை அடிக்கவில்லை. என்னைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு விலகி நடந்து வீட்டுக்குப் போனார், நாய் கடித்துவிடும் என்பது போல.

ஆள் ஊமையாக இருக்கும்போது குரல் எந்த வாயிலிருந்து வந்தாலும் உடம்பு அதைக் கேட்டுவிடும் போல. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஆனால் மாப்பிள்ளை போன் பண்ணினார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஊமை விஷயம் தெரியாது, தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அம்மா போனை என் காதில் வைத்து அழுத்தினாள். ஆபீஸ் விட்டு வந்த அக்கா அந்தப் பக்கம் நின்று தன் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அக்கா குரலில், சாப்டீங்களா என்றேன். அவர் சாப்பிட்டதைச் சொன்னார், சமையல்காரரைப் பற்றிச் சொன்னார், பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலைய விட்ருவதானே, அம்மா கேக்கச் சொன்னாங்க என்றார். அம்மா என் தோளைக் கிள்ளித் தலையை ஆட்டினாள். அக்கா நிமிர்வதற்குள் என் வாயிலிருந்து அக்கா குரல், சரிங்க என்றது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். அவள் கைகள் மேலே போயின, கழுத்தில் கிடந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றின, பீரோவைத் திறந்தன, அடியில் பழைய போர்வைக்குக் கீழே அதைச் செருகின, பீரோவைச் சாத்தின. அக்கா தன் கைகளை, தன் வளையலைப் போட்டுக்கொண்டு வந்த யாரோ ஓர் அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்க முயன்றாள். விரல் பீரோக் கைப்பிடிவரைக்கும் போய் மடங்கிக்கொண்டது. ஏவலுக்கு மட்டும் இல்லை, அவள் குரலில் போன வாக்குக்கும் அவள் உடம்பு கட்டுப்பட்டது.

அன்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எனக்குச் சைகை காட்டினார்கள். நம் ஐயருக்குக் குரல் இல்லாததால் வெளியூர் ஐயர்தான் கல்யாண ஜெபம் நடத்துகிறார், பெண் வாயைத் திறந்து சம்மதம் என்று சொன்னால்தான் எங்கள் கோயில்களில் கல்யாணம். நீ தோழிப்பெண்ணாகப் பக்கத்தில் நின்று அவள் முக்காட்டுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிடு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், என்னைப் போய்.

அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல் போடுகிறவளுக்கு உதடு படிக்கத் தெரியும். "என் குரல்ல நீ ஒரு எழுத்துகூடச் சொல்லக் கூடாது" என்றது அவள் உதடு.

"அப்ப உனக்கு அவரப் புடிக்கலையாக்கா?"

"அது உனக்கு எதுக்கு? புடிச்சிருந்தாலும் நான்தான் சொல்லணும், புடிக்கலன்னாலும் நான்தான் சொல்லணும். நீ சொன்னா என் காலு அவர் பின்னால போயிரும் எமி. நான் இங்கயே நின்னுட்டிருப்பேன்."

அப்படி ஒன்றை நினைத்துப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அது யார் அழுகை மாதிரியும் இல்லை.

பக்கத்து ஊர் மெக்கானிக் காசிம் அண்ணன் வந்து பார்த்தார். அவரும் வண்டியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தவர், அவருக்கும் பேச்சில்லை. போல்ட்டைச் சூடு காட்டினார், உளி வைத்து அடித்தார், மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார், கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அச்சின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளையைத் தொட்டுக் காட்டினார்: வண்டி சூடாகும்போது டிபரன்ஷியல் மூச்சு விடுகிற துளை, ஊசி போகிற அளவு. அதன் வழியாக மாட்டுக்கு மருந்து ஏற்றுகிற ஊசியால் சொட்டுச் சொட்டாக ஏற்றலாம். ஆனால் எவ்வளவு ஏற்றினால் போதும் என்று சொல்வது மேல் போல்ட்டுதான். அதன் ஓட்டை வழியாக எண்ணெய் வழிந்தால் நிறைந்தது என்று கணக்கு. அது திறக்காதபோது குறைந்தால் பல் கருகும், கூடினால் சக்கரத்துப் பக்கம் கசிந்து பிரேக் பிடிக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஊற்ற வேண்டும். அதோடு, புது எண்ணெய் ஊற்றி என்ன ஆகும்? கியர்பாக்ஸ் குடித்ததற்கு யாருக்கும் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. குரல் இருந்தது கதவுக் கீல்களில்.

கொடுத்த பழைய எண்ணெயைத் திருப்பிக் கேட்டு நானும் அக்காவும் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போனோம். நான் என் சொந்தக் குரலில்தான் கேட்டேன். எங்கள் ஊரில் அதை அதிகம் கேட்டவர்கள் யாரும் இல்லை. பேசுவது யார் என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். கொடுக்கவும் தயங்கினார்கள். கீலில் இருக்கிறது கொஞ்சமாவது கேட்கிறது, அதையும் வழித்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் வராமல் போனால்? ஐயர் குரலைப் போட்டால் ஒரே நொடியில் எல்லாரையும் துணியும் கையுமாக ஓட வைத்திருக்கலாம். அது என் தொண்டைவரைக்கும் வந்தது, இருமலோடு. விழுங்கினேன். அக்கா ஒவ்வொரு வாசலிலும் பேசாமல் நின்றாள், வாசலில் கல்யாணப் பெண் நிற்கிறாள், ஒன்றும் போடாமல் அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. பழந்துணியால் துடைத்துத் துடைத்துப் பிழிந்து கொடுத்தார்கள். பொன்னுதுரை மாமா தன் நிலைக்காலைச் சுரண்டி மரத்தூளோடு கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

பொன்மணி சித்தி மட்டும் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். வெகு நேரம் கழித்து அவள் எழுந்து கதவைக் கடைசியாக ஒரு தடவை மெல்லத் திறந்தாள். கண்ணாடிய ஏத்து, தூசி வருது. அவள் தலையை ஆட்டினாள், ஏற்றிவிட்டேன் என்பது போல. பிறகு தன் முந்தானையாலேயே கீலைத் துடைத்து, முந்தானையைக் கிண்ணத்தின் மேல் முறுக்கினாள்.

இரும்புத் தூளும் மண்ணும் போக அப்பாவின் கல்யாண வேட்டியில் வடிகட்டினோம். தெருவே வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்சமாக மாட்டு ஊசியை அழுத்தியது. பழசு தீர்ந்தது, மிச்சத்துக்குப் புதுசு சேர்த்தோம், போதுமா என்று கேட்க யாராலும் முடியவில்லை, போதும் என்று சொல்லவும் யாரும் இல்லை. அப்பா ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கே தெரியாது ஏன் அந்த இடம் என்று.

கல்யாணக் காலையில் பிளஷர் அக்காவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனது. நான் சைக்கிளில் பின்னால் போனேன், ஏதாவது ஒரு குரல் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு. ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில், உன்னை விட்டால் வழியில்லை என்பது எழுதியிருந்தது.

கோயில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள், எங்கள் பக்கம் ஒரு மூச்சு இல்லை. வெளியூர் ஐயர் மாப்பிள்ளையைக் கேட்டார். சம்மதம் என்றார் செல்வின், நல்ல தெளிவான குரலில். ஐயர் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள்.

எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் விரல் என் இடுப்பில் இறங்கியது. அக்காவின் குரல் என் தொண்டையில் தும்மல் மாதிரி வந்து நின்றது, ஒரே ஒரு சொல், அதைச் சொன்னால் இந்தப் பயம் எல்லாம் முடிந்துவிடும், எல்லாரும் சாப்பிடப் போகலாம். நான் பூச்செண்டின் ரிப்பனை வாயில் திணித்துப் பல்லால் கடித்தேன். ஐயர் இன்னொரு தடவை கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா, என்ன பொண்ணுக்குப் பேச வராதா என்று சத்தமாகவே கேட்டாள். அப்பா என் வாயைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, நடுப்பாதையில் எல்லாரும் பார்க்க விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அவமானம் தாங்காமல் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிளஷர் உறுமியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: எங்கள் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் ஒரே நேர் ரோடு. நேர் ரோட்டில் இரண்டு சக்கரமும் சமமாக ஓடும். டிபரன்ஷியலுக்குள்ளே இருக்கிற சின்னப் பற்சக்கரங்களுக்கு அங்கே வேலையே இல்லை, எண்ணெய் அவற்றுக்குள் போயே இருக்காது. திருப்ப வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோயில் முற்றத்துச் செம்மண்ணில் அப்பா வண்டியை இடதுபக்கம் ஒரு வட்டம், வலதுபக்கம் ஒரு வட்டம் என்று எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், பின்சக்கரங்களில் ஒன்று ஓடவும் ஒன்று பொறுக்கவுமாக, தூசி கோபுரம் வரைக்கும் எழும்பியது.

முதல் வட்டத்தில் செக்ரட்டரி இருமினார். அடுத்த வட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது, அதன் அம்மா அதைவிடச் சத்தமாக வீறிட்டாள். பொன்மணி சித்தி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் தொண்டையிலிருந்து அக்காவின் குரல், முள் எடுத்த மாதிரி, போய்விட்டது. எங்கள் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. அக்கா கையை உயர்த்தியதும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வாயை மூடியது.

"அன்னைக்குப் போன்ல சரின்னு சொன்னது நான் இல்ல" என்றாள் அக்கா மாப்பிள்ளையிடம். குரல் கரகரத்தது, எண்ணெய் நெடி அடித்தது. "நான் வேலைய விட மாட்டேன். அத வச்சுச் சொல்லுங்க. உங்களுக்குச் சம்மதமா?"

அந்த வாரம் முழுக்கக் குரல் இருந்த மாப்பிள்ளை, அக்காவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பார்வை சுற்றிக்கொண்டு போய் முதல் வரிசையில் நின்றது.

"அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றார்.

"கேளுங்க" என்றாள் அக்கா. கோபமாகக்கூட இல்லை. முக்காட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். நடுப்பாதையில் இறங்கி நடந்தாள், அவள் கால்கள் அவள் சொன்னபடிதான் நடந்தன, நான் கண்ணெடுக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். வெளியே அப்பா தூசிக்குள் வண்டியை நிறுத்தினார். அக்கா ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

உள்ளே அம்மாவின் அழுகை கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் கத்துவது கேட்டது. அப்பாவுக்குக் குரல் வந்துவிட்டது, என்ன வேண்டுமானாலும் கத்தலாம். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடத்தை விட்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டும் மக்கா" என்றார். "அவசரப்படாம போடு."

இத்தனை வருஷம் நான் போட்ட அப்பா குரலில் இப்படி ஒரு தணிவு இருந்ததே இல்லை.